ஸ்காட்லாந்துப் பங்குப் பதிவேடுகளும் திருமணத் தேதியும்: மாக்லின் குறிப்பு ஒன்றின் மறுவாசிப்பு

1855 ஜனவரி 1 அன்று அரசின் குடிமைப் பதிவு தொடங்கியது. அதற்கு முற்பட்ட ஸ்காட்லாந்துக் குடும்பங்களின் வம்சாவளி பெரும்பாலும் திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகளைக் கொண்டே கட்டப்படுகிறது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்னும் மூன்று ஏடுகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்வதும், பங்கின் மூப்பர் மன்றமான கிர்க் செஷனின் நடவடிக்கைக் குறிப்புகளைத் துணைச் சான்றாக ஒதுக்கிவைப்பதும் இத்துறையில் நெடுநாள் வழக்கம். தகப்பன் பெயர் இல்லாத குழந்தைக்குத் தகப்பனைத் தேடும்போதுதான் செஷன் குறிப்புகள் புரட்டப்படுகின்றன. திருமணத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. செஷன் குறிப்பை முதலில் படிக்காதவருக்குத் திருமண ஏடு தவறான விடையையே பெரும்பாலும் தரும்.

திருமண ஏட்டில் பதிவாகியிருப்பது பல பங்குகளில் திருமணமே அன்று. ஓலை வாசிப்புக்கு, அதாவது திருமணத்தைச் சபையில் முன்னறிவிப்பதற்கு, பெயர் கொடுத்த செய்திதான். மணமக்கள் செஷன் எழுத்தரிடம் பெயர் கொடுத்துக் கட்டணம் செலுத்தினர். பல இடங்களில் ஈட்டுப்பணமும் கட்டினர். திருமணம் நடவாமற்போனால் அந்த ஈடு ஏழைநிதியில் சேரும். ஆகவே ஏட்டிலுள்ள தேதி பல வேளைகளில் பணம் கைமாறிய தேதி. இருவரும் வெவ்வேறு பங்கினராயின் இரண்டு ஏடுகளிலும் பெயர் இருக்கும்; தேதிகள் ஒத்துப்போக வேண்டியதில்லை. இதைவிட முக்கியமானது அன்றைய சட்டத்தின் நிலை. இருவரும் இக்கணமே கணவன் மனைவி என்று ஒப்புக்கொண்டால் அது செல்லத்தக்க திருமணம். போதகரோ ஓலையோ இல்லாதது அதை ஒழுங்குமீறிய திருமணமாக்கும், செல்லாததாக்காது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் 21 நாள் வசிப்பு நிபந்தனையை மட்டும் சேர்த்தது. சம்மதத்தால் மட்டுமே அமையும் இவ்வகைத் திருமணத்துக்கு 1940 ஜூலை 1 வரை இடமிருந்தது. இத்தகைய திருமணம் திருமண ஏட்டுக்குள் வருவதற்குக் காரணம் ஏதுமில்லை. அது செஷன் குறிப்புக்குள் வரும், அதுவும் குற்றமாக.

இதைச் சோதித்துப் பார்க்க ஏர்ஷயரிலுள்ள மாக்லின் பங்கின் 1788 ஆகஸ்ட் 5 நாளிட்ட குறிப்பு உகந்தது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் ஜீன் ஆர்மரும் அன்று செஷன் முன் வந்தனர். ஜீனை அவருடைய மனைவி என்று நேராகச் சொல்லாமல், மனைவி என்று சொல்லப்படுபவர் என்றே எழுத்தர் குறிக்கிறார். இருவரும் தங்கள் ஒழுங்குமீறிய திருமணத்தை ஒப்புக்கொண்டு, அந்த மீறலுக்காக வருந்தி, திருமணத்தை முறைப்படி உறுதிப்படுத்த வேண்டினர். இருவரையும் கண்டிப்பது, வாழ்நாள் முழுதும் கணவன் மனைவியாக ஒருவரையொருவர் பற்றியிருப்பதாக உறுதிமொழி வாங்குவது என்று செஷன் முடிவுசெய்தது. ஏழைகளுக்காக அபராதம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டே தொகையைப் பர்ன்ஸின் தாராளத்துக்கு விட்டது. அவர் ஒரு கினி நோட்டு கொடுத்தார். போதகர் வில்லியம் ஆல்டின் கையொப்பத்துடன் விவகாரம் முடிந்தது.

இக்குறிப்பை இருவரின் திருமணப் பதிவாகவும், ஆகஸ்ட் 5ஐத் திருமண நாளாகவும் கொள்வது முந்தைய ஆய்வில் காணப்படும் ஒரு போக்கு. குடும்ப மரங்களும் அதையே நகலெடுத்துக்கொண்டன. குறிப்பின் அமைப்பே இந்த வாசிப்புக்கு எதிராக நிற்கிறது. செஷன் முன் வருவதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்றைத்தான் இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள், கண்டிக்கப்படுவதும் அதற்காகவே. நடக்காத திருமணத்துக்கு யாரும் அபராதம் கட்டுவதில்லை. செஷன் செய்தது உறுதிப்படுத்தல். குறிப்பில் திருமணம் நடந்த நாள் இல்லை, இடம் இல்லை, சாட்சியும் இல்லை. எழுத்தரின் அசட்டை என்று இதைத் தள்ளிவிடலாம். ஒப்புதலே போதிய சான்று என்னும் சட்டநிலையில் செஷன் அவற்றைக் கேட்கத் தேவையே இருக்கவில்லை என்பது அதைவிடப் பொருத்தமான விளக்கம்.

அப்படியானால் திருமணம் எப்போது? இங்கே இரண்டாவது கருத்து ஒன்று எழுகிறது. 1786 தொடக்கத்தில் பர்ன்ஸ் ஜீனுக்கு எழுதிக்கொடுத்த ஒப்புதல் சீட்டே திருமணம், மற்றதெல்லாம் சடங்கு என்பது அது. சீட்டு கிடைக்கவில்லை. ஜீனின் தந்தை ஜேம்ஸ் ஆர்மர் அதை ஏர் நகர வழக்கறிஞர் ராபர்ட் எய்ட்கனிடம் கொண்டுபோக, பெயர்கள் வெட்டியெடுக்கப்பட்டன. தாளைச் சிதைப்பதால் கொடுத்த சம்மதம் அழியாது என்பது சட்டத்தின்படி வலுவான வாதம்தான். ஆனால் அதே மாக்லின் செஷனின் 1786ஆம் ஆண்டுக் குறிப்புகள் அதற்கு இணங்கவில்லை. ஏப்ரலில் ஜீன் மணமாகாத பெண்ணாகவே பேசப்படுகிறார். ஜூன் 13 நாளிட்ட கடிதத்தில் தாம் கர்ப்பமாயிருப்பதையும் மாஸ்கீலில் வசிக்கும் பர்ன்ஸே தகப்பன் என்பதையும் சொல்லும் ஜீன், கணவர் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 6இல் வேறு மூவருடன் இவ்விருவரும் சபை முன் நின்று, வேசித்தனத்துக்காகக் கண்டிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். பர்ன்ஸ் இதற்கு உடன்பட்டதே, மணமாகாதவர் என்னும் சான்றிதழைத் தருவதாக ஆல்ட் வாக்களித்திருந்ததால்தான். மணமான இருவரை இந்தக் குற்றத்துக்காக நிறுத்த முடியாது.

பர்ன்ஸின் கடிதங்கள் காலத்தை மேலும் குறுக்குகின்றன. தம்மைக் கணவராக உரிமை கோருவதில்லை என்று ஜீனிடம் சத்தியம் வாங்கியதாக 1788 மார்ச் 3 அன்று ஒரு நண்பருக்கு எழுதுகிறார். அப்படி ஓர் உரிமை ஜீனுக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். (இல்லாத உரிமைக்குச் சத்தியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது அவருடைய அச்சத்தைக் காட்டுமேயன்றி ஜீனின் உரிமையை நிறுவாது.) ஏப்ரல் 28 அன்று மற்றொரு நண்பரான ஜேம்ஸ் ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தில் ஜீனுக்கு மனைவியின் உரிமையைத் தாமே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். ஆகவே இருவரும் நிகழ்காலச் சம்மதம் கொடுத்தது இவ்விரண்டு தேதிகளுக்கும் இடையில் என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. 1786ஆம் ஆண்டுச் சீட்டின் வாசகம் கையில் இல்லாதவரை இதை அறுதியிட்டுச் சொல்ல இயலாதுதான். ஆயினும் ஆகஸ்ட் 5 திருமண நாள் அல்ல என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

பர்ன்ஸ் விதிவிலக்கான மனிதர், அவரை வைத்துப் பொதுவிதி காணலாகாது என்பது எதிர்பார்க்கக்கூடிய மறுப்பு. விதிவிலக்கானவை அவருடைய கடிதங்களே, குறிப்பு அன்று. கடிதங்கள் இருப்பதால்தான் ஒரு செஷன் குறிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று வெளிச்சான்றுடன் ஒப்பிட முடிகிறது. கடிதம் விட்டுச்செல்லாத ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு இதே வகைக் குறிப்பு கிடைத்தால், குடும்ப மரத்தில் எழுதத்தக்கது இன்ன நாளுக்கு முன் என்பது மட்டுமே. பல பங்குகளின் செஷன் குறிப்புகள் தொலைந்துவிட்டன என்னும் மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை: திருமண ஏடுகளும் அப்படியே தொலைந்திருக்கின்றன.

தேதி மாறினால் வாரிசுரிமையும் மாறுமா என்று இங்கே கேட்கலாம். பொதுவாக மாறாது. கருவுற்ற காலத்தில் பெற்றோர் மணந்துகொள்ளச் சட்டத்தடை ஏதும் இல்லாதிருந்தால், பிந்தைய திருமணம் முன்பு பிறந்த குழந்தைகளையும் சட்டபூர்வமானவர்களாக்கும் என்பது அக்கால ஸ்காட்லாந்துச் சட்டம். 1786 செப்டம்பர் 3 அன்று பிறந்த இரட்டையரான ராபர்ட், ஜீன் இருவருக்கும் இது பொருந்தும். ஆகவே ஞானஸ்நான ஏட்டில் முறையற்ற குழந்தை என்றிருக்கும் ஒரு பதிவு, எழுதப்பட்ட நாளில் இருந்த நிலையை மட்டுமே காட்டுகிறது. அதை வைத்து ஒரு கிளையை வெட்டிவிடும் வம்சாவளியாளர் அந்தப் பெற்றோரின் பெயரைப் பிந்தைய ஆண்டுகளின் செஷன் குறிப்புகளில் தேடியிருக்க வேண்டும்.

மற்ற இரு ஏடுகளில் சிக்கல் வேறு வகையானது. ஞானஸ்நான ஏடு ஒப்பீட்டளவில் நம்பத்தக்கது. பர்ன்ஸின் சொந்தப் பதிவு, 1759 ஜனவரி 25இல் பிறப்பு, மறுநாள் ஞானஸ்நானம், தந்தை வில்லியம், தாய் ஆக்னஸ் பிரவுன், இரு சாட்சிகள் என்று முழுமையாக இருக்கிறது. தாயின் பிறந்தகக் குடும்பப்பெயர் எழுதப்படுவது ஸ்காட்லாந்து ஏடுகளின் பெரும் நன்மை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்தது. அக்கால இடைவெளிகள் முழுவதையும் இவ்வரியின் தலையில் சுமத்துவது மிகை. பிரிந்துபோன சபைகளைச் சேர்ந்தோர் அதற்கு முன்பும் பின்பும் பங்கு ஏட்டைப் புறக்கணித்தே வந்தனர். அடக்க ஏடு பல பங்குகளில் சவப்போர்வை வாடகைக் கணக்கு மட்டுமே. போர்வை எடுக்காதவரின் சாவு அதில் இராது.

கிர்க் செஷன் குறிப்புகளின் படிமங்கள் 2021 முதல் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் பார்வைக்குக் கிடைப்பதால், அவற்றைப் பின்னுக்குத் தள்ள வசதிக்குறைவு இனி காரணமாகாது. குடிமைப் பதிவுக்கு வந்த பின்னும் இதே எச்சரிக்கை தேவை. 1855ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமண நாளும் இடமும் கேட்கப்பட்டன; 1856இல் அக்கேள்வி கைவிடப்பட்டு 1861இல் திரும்பியது. 1855க்கு முன் ஓலையின்றி மணந்தவர்கள் அக்கேள்விக்குக் கொடுத்த விடை பங்கு ஏட்டிலிருந்து எடுத்ததாக இருக்க முடியாது. அது தகவல் கொடுத்தவரின் வாய்மொழி. அதையும் செஷன் குறிப்போடு ஒத்துப்பார்த்த பின்னரே தேதியாக ஏற்கலாம்.