ஆணையில்லாத தடை

தணிக்கை என்றதும் நமக்கு அரசாங்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஓர் உத்தரவு, அதன் கீழ் ஓர் அதிகாரியின் கையெழுத்து. 1950-களில் அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நடந்த காரியம் என்னை உறுத்துவது, அதில் இவை இரண்டுமே இல்லை என்பதால்தான்.

1950 ஜூனில் 'ரெட் சானல்ஸ்' என்ற சிறு புத்தகம் நியூயார்க்கில் வெளிவந்தது. வெளியிட்டவர்கள், முன்னாள் எஃப்.பி.ஐ. ஆட்கள் மூவர் தொடங்கிய 'கவுண்டர்அட்டாக்' பத்திரிகைக்காரர்கள். அட்டையில் மைக்கைப் பற்றும் ஒரு சிவப்புக் கை. உள்ளே அகரவரிசையில் 151 பெயர்கள்: ஆர்தர் மில்லர், லாங்ஸ்டன் ஹ்யூஸ், டோரதி பார்க்கர், ஆர்சன் வெல்ஸ்... ஒவ்வொரு பெயரின் கீழும் அவர் கையெழுத்திட்ட மனு, பேசிய கூட்டம், சேர்ந்த குழு. ஸ்பெயின் குடியரசுக்காக 1930-களில் காட்டிய அனுதாபமும் கணக்கில் ஏறியது. இவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று புத்தகம் நேராகச் சொல்லவில்லை. தகவல்களை அடுக்கியதோடு சரி. முடிவை வாசகனிடம் விட்டுவிட்டது.

அந்த வாசகன் விளம்பரதாரன். நிகழ்ச்சிக்குப் பணம் போடுகிறவன் அவன். 1950 ஆகஸ்டில் நடிகை ஜீன் ம்யூரை 'ஆல்ட்ரிச் ஃபாமிலி' தொடரிலிருந்து ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி நீக்கியது. குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்ற கேள்விக்கே அது போகவில்லை. அவர் சர்ச்சைக்குரியவராகிவிட்டார், அது போதும். இதே கம்பெனியின் பணத்தில் நடந்த 'கோல்ட்பர்க்ஸ்' தொடரில் குடும்பத் தலைவராக நடித்தவர் பிலிப் லோப். அவரும் வேலை இழந்தார். 1955-ல் ஒரு ஹோட்டல் அறையில் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த மௌனத்தை உடைத்தவர் வானொலிக் கலைஞர் ஜான் ஹென்றி ஃபாக். பெயர்களைச் சலித்துத் தரும் 'அவேர்' என்ற அமைப்பின்மீது 1956-ல் வழக்குப் போட்டார். மறு வருஷம் ஸி.பி.எஸ்.ஸில் அவர் வேலையும் போயிற்று. 1962-ல் ஜூரிகள் 35 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஐந்தரை லட்சமாகக் குறைந்தது. தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தயாரிப்பாளர் டேவிட் சஸ்கிண்டின் சாட்சியம். ஒவ்வொரு பெயரையும் முன்கூட்டி ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நிராகரிப்பின் காரணத்தை நடிகரிடம் சொல்லக் கூடாது. தகப்பனார்மேல் உள்ள சந்தேகத்தால் ஒரு சிறுமிக்குக்கூட வேடம் மறுக்கப்பட்டது. இவையெல்லாம் அப்போதுதான் நீதிமன்றத்தில் பதிவாயின.

உத்தரவு இருந்தால் எதிர்ப்பதற்கு ஒரு முகம் இருக்கிறது. இங்கே ஆளுக்கு ஆள் கைகாட்டினார்கள்: விளம்பரதாரன் வாடிக்கையாளரை, நிலையம் விளம்பரதாரனை, தயாரிப்பாளன் நிலையத்தை. நிறுத்தப்பட்ட நடிகனையாவது கணக்கில் எடுக்கலாம். இதைப் பார்த்து, எழுத நினைத்ததை எழுதாமலேயே விட்ட எழுத்தாளனை எந்த நீதிமன்றமும் கணக்கிட முடியாது.