பெயரும் தன்மையும்: கணினிப் பதிவேட்டின் வரலாறு

பெயரறிந்து பொருளைத் தேடுதல் ஒருமுறை. பொருளின் தன்மையறிந்து பெயரைத் தேடுதல் மற்றொரு முறை. பொருளை முன்னிறுத்திப் பெயர்களைத் தொகுத்தளித்த நம் நிகண்டுகள் இரண்டாம் முறையைச் சார்ந்தவை. கணினி வலையமைப்பின் வரலாற்றிலும் இவ்விரு முறைகளையும் காணலாம்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்பாநெட் என்னும் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. 1972இல், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தின் எலிசபெத் ஃபைன்லர் அம்மையார், எவ்விடத்தில் எக்கணினி உள்ளது, அஃது எப்பணிக்கு உதவும் என்பவற்றைத் திரட்டிக் கையேடாக்கினார். கணினிகளின் பெயரும் எண்முகவரியும் அடங்கிய ஒரே கோப்பினையும் அவர்தம் குழுவினர் பேணி வந்தனர். கணினிகள் பெருகவே, அம்முறை போதாதாயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் பெயர்முறை அச்சுமையைப் பல இடங்களுக்குப் பகிர்ந்தளித்தது. எனினும், பெயரைச் சொன்னவர்க்கே அது முகவரி சொல்லும். "நூலகத்தில் உள்ள கணினி எது?" என்று வினவினால் அதனிடம் விடையில்லை.

பண்புகளைக் கொண்டு தேடும் வழியை, 1988இல் வெளிவந்த எக்ஸ்.500 என்னும் அனைத்துலகத் தரம் வகுத்தது. அது சிக்கல் மிகுந்ததாக இருந்தமையால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஹவ்ஸும் பிறரும் 1993இல் எல்டாப் என்னும் எளிய நெறிமுறையை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி என்னும் பதிவேடும் இந்நெறிமுறையை ஏற்றுக்கொண்டது.

இப்பதிவேட்டில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பதிவு உண்டு; அதனுள் விளக்கக் குறிப்புக்கென ஓரிடமும் உண்டு. "கணினியாக இருத்தல் வேண்டும், குறிப்பில் நூலகம் என்னும் சொல் வருதல் வேண்டும்" என இரு நிபந்தனைகளை இணைத்துத் தேடலாம். சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டால், குறிப்பின் எப்பகுதியில் அச்சொல் இருப்பினும் அகப்படும்.

ஈண்டு ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். வலையமைப்பில் சேருங்கால் கணினியின் பெயரும் அதன் இயங்குதளமும் பதிவேட்டில் தாமே இடம்பெறும். விளக்கக் குறிப்போ, ஒருவர் எழுதினாலன்றி வெற்றிடமாகவே நிற்கும். கணினியிலேயே எழுதி வைக்கும் குறிப்பும் தானாகப் பதிவேட்டினைச் சென்றடையாது. அறிந்தவர் எழுதி வையாமல் பணியிலிருந்து ஓய்வு பெற்றால், பின்வருவோர்க்கு எஞ்சுவன எண்ணிட்ட பெயர்களே. எது தேர்வுத்தாள்களைக் காக்கும் கணினி, எது கழிக்கத்தக்கது என அறியாது அவர்கள் திகைப்பர்.

தேடும் திறனை இயந்திரம் தந்துவிட்டது. தேடுவதற்குரிய சொல்லை எழுதி வைக்கும் கடமை மட்டும், 1972இல் அவ்வம்மையார் ஏற்றதுபோல், இன்றும் மனிதரையே சார்ந்துள்ளது.