ஐஓஎம்எம்யூ களத்தில் சாதனத்தை இணைத்தல்

பிணைய அட்டை, வட்டுக் கட்டுப்படுத்தி போன்ற சாதனங்கள் செயலியின் துணையின்றி நினைவகத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் வல்லவை என்பதால், அவை தரும் முகவரிகளை உண்மையான நினைவக முகவரிகளாக மாற்றி, அனுமதியற்ற அணுகலைத் தடுக்கும் வன்பொருள் அலகு ஐஓஎம்எம்யூ எனப்படுகிறது. அம்மாற்றத்துக்குரிய பக்க அட்டவணைகளைக் கொண்ட முகவரிவெளி களம் எனப்படும். லினக்ஸ் கெர்னலில் டிரைவர் ஒரு சாதனத்தை அக்களத்தின் ஆளுகைக்குள் கொண்டுவருவதே இணைத்தல். வன்பொருளால் ஒன்றிடமிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காக்க இயலாத சாதனங்கள் ஒரே குழுவாகக் கொள்ளப்படுவதால், குழுவில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும்போது 'ஐஓஎம்எம்யூ_அட்டாச்_டிவைஸ்' என்னும் அழைப்பு மறுக்கப்படும். குழு முழுவதும் ஒருசேரவே களம் மாற வேண்டும். இக்கண்டிப்பு மிகத் தேவையானது; ஏனெனில் மெய்நிகர் கணினியிடம் ஒப்படைக்கப்பட்ட அட்டையின் குழுத்தோழன் வேறு களத்தில் இருந்தால், களங்களைப் பிரித்ததற்கே பொருளில்லாமல் போகும். களத்தின் அமைப்பு சாதனத்துக்குப் பொருந்தாதபோது கிடைக்கும் 'ஈஇன்வால்' பிழையை இறுதித் தோல்வியாகக் கொள்ளாமல், டிரைவர் வேறொரு களத்தைக் கொண்டு மீண்டும் முயலலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டமைப்புக்கு ஐஓஎம்எம்யூ வரையறை 2023இல் ஏற்கப்பட்டது. அதற்கான டிரைவர் லினக்ஸ் 6.13 பதிப்பில் சேர்ந்தது.