சிறு தீக்காயங்களுக்கான செவிலியர் பராமரிப்பு

பெரியவர்களுக்கு உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்கும் சிறுவர்களுக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவாக, ஆழம் போகாமல் தோலின் மேற்பகுதியோடு நின்றுவிட்ட காயத்தைச் சிறு தீக்காயம் என்பது வழக்கம். நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை ஏறத்தாழ 1 விழுக்காடு. சிதறலான காயத்தை அளக்க இதுவே கைக்கணக்கு. ஆனால் பரப்பு மட்டும் போதாது. முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டு ஆகியவற்றில் பட்டது, மின்சாரத்தாலோ அமிலத்தாலோ வந்தது, கையையோ காலையோ வளையம்போல் சுற்றிச் சுட்டது எல்லாம் அளவில் சிறியதானாலும் தீக்காயப் பிரிவின் கருத்தைக் கேட்க வேண்டியவை. எனவே ‘சிறு’ என்பதைக் காயத்தின் அளவாக அல்ல, செவிலியரும் மருத்துவரும் எடுக்கும் ஒரு முடிவாகவே கொள்ள வேண்டும். அந்த முடிவை முதல் நாளிலேயே மூடிவிடக் கூடாது என்பதுதான் இந்தப் பராமரிப்பின் மையம். மருந்து பூசுவது அதற்கு அடுத்தது.

காரணம் காயத்தின் உள்ளேயே இருக்கிறது. பிரிட்டன் அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953இல் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் இறந்துபோன திசு. வெளியில் சிவந்து தானே ஆறிவிடும் பகுதி. இரண்டுக்கும் நடுவே ரத்த ஓட்டம் தேங்கி, பிழைக்கவும் சாகவும் வாய்ப்புள்ள பகுதி. செவிலியர் செய்வதெல்லாம் இந்த நடு வளையத்துக்காகத்தான். குழாயில் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் காயத்தின் மேல் விடுவது வலியைத் தணிப்பதோடு காயம் ஆழமாவதையும் குறைக்கிறது. சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு என்பதால், தாமதமாக வந்தவருக்கும் முதலில் தண்ணீரே. பனிக்கட்டி கூடாது, ரத்தக்குழாய்களைச் சுருக்கி அந்த நடு வளையத்தையே கெடுக்கும். வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும்.

கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு 20 நிமிடம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரம் முழுக்கச் செவிலியர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை; நோயாளியைக் குழாயடியில் உட்காரவைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். கைக்குழந்தை என்றால் காயத்தை மட்டும் குளிர்வித்து, மற்ற உடம்பைத் துணியால் போர்த்திச் சூடு குறையாமல் காக்க வேண்டும். பற்பசை, இங்க், தோசை மாவு பூசிக்கொண்டு வருபவர்களை அதட்டிப் பயனில்லை. வலியில் கைக்கு எட்டியதைத்தான் அவர்கள் எடுத்தார்கள். அதை மெல்லக் கழுவிவிட்டு, அது காயத்தின் நிறத்தை மறைப்பதையும் கிருமி சேர இடம் கொடுப்பதையும் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

கட்டு விஷயத்திலும் பழக்கம் ஒன்று, ஆதாரம் வேறொன்று. 1960களின் இறுதியில் வந்த சில்வர் சல்ஃபடயசின் என்னும் வெள்ளைக் களிம்பு நம் மருத்துவமனைகளில் தீக்காயத்துக்கு மறுபெயர்போல் ஆகிவிட்டது. மேலோட்டமான காயங்களுக்கான கட்டுகளை ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பிலோ, சிலிக்கோன் பூசிய வலைக்கட்டு போன்றவற்றைவிட அது பின்தங்கியே இருந்தது. அது காயத்தின் மேல் வெண்படலமாகப் படிந்து ஆழத்தைக் கணிக்க விடுவதில்லை என்பதுதான் செவிலியருக்குப் பெரிய இடைஞ்சல். மலிவானது என்பது அதற்கான வாதம். மறுக்க முடியாதது என்றாலும், ஒட்டாத வாசலின் காஸும் எளிதில் கிடைப்பதே. வாழையிலையைக் கிருமி நீக்கிக் கட்டாக வைத்துப் பார்த்த இந்திய மருத்துவர்கள், வாசலின் காஸைவிட அதைப் பிரிக்கும்போது வலி குறைவு என்று 2003இல் எழுதியுள்ளனர்.

முதல் கட்டை 48 மணி நேரத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று காயத்தைச் சலைனால் நனைத்து, நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியால் லேசாக அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் ஓரிரு நொடியில் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதித்தாலோ, சிவப்பு அசையாமல் அப்படியே நின்றாலோ, தொட்டால் உணர்வு மங்கியிருந்தாலோ காயம் ஆழமானது. கெண்டைக்காலில் பைக் சைலன்சர் சுட்ட காயம் இதற்குத் தக்க சான்று. உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. கொப்புளம் உடைந்தால் வெளிறிய அடித்தளம் தெரியும். வலியும் அவ்வளவாக இருக்காது. வலி இல்லையே என்று நிம்மதியோடு அனுப்பிவிடக் கூடாத காயம் அது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெந்நீர்ப் பையால் சுட்டுக்கொள்வதும் இப்படித்தான்.

ஆழமில்லை என்று உறுதியானால் மீதி வேலை எளிது. சிறு கொப்புளத்தை உடைக்காமல் விட்டு, இறுகிப் புடைத்ததை மட்டும் கிருமி நீக்கிய முறையில் திறக்கலாம். வலிக்குப் பாரசிட்டமால் நேரம் தவறாமல், தேவைப்பட்டால் டெட்டனஸ் தடுப்பூசி. கையில் காயமென்றால் விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, அசைக்கவும் உயர்த்தி வைக்கவும் சொல்ல வேண்டும். தடுப்புக்காக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு வந்தால் உடனே வரச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத காயம் தடித்த தழும்பாகக்கூடும் என்பதால் தீக்காயப் பிரிவுக்கு அனுப்பலாம். ஆறிய புதுத்தோல் அரிக்கும், வெயிலில் கறுக்கும். அதற்கு ஈரப்பதம் காக்கும் எண்ணெயும் சில மாதங்களுக்கு மூடிய உடையும் போதும்.