காலி செல் கணக்கில் வந்த கதை

ஐ.நா. சபையின் புள்ளிவிவர வெளியீடுகளில் ஒரு கட்டத்தில் மூன்று புள்ளிகள் இருந்தால் விவரம் கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு கோடு மட்டும் இருந்தால் தொகை இல்லை, அல்லது சொல்லும்படியாக இல்லை. காகிதத்தில் அட்டவணை போட்டவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்தார்கள். விளைச்சலே இல்லாத மாவட்டமும், அறிக்கை வந்து சேராத மாவட்டமும் ஒன்றல்ல. முதலாவதைச் சராசரியில் சேர்க்கலாம். இரண்டாவதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த வேறுபாட்டை ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை 1970-களின் இறுதியில் தொடங்கியது. 1978-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினுக்கு ஒரு யோசனை வந்தது. கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த அத்தனை எண்களையும் அழித்து எழுத வேண்டியிருக்கிறதே, அவை தாமே மாறினால் என்ன? அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது.

எண்கள் தாமே மாறும் என்றால், தெரியாத எண்ணை என்ன செய்வது, போடவே முடியாத கணக்கை என்ன செய்வது என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடும். விசிகால்க்கில் இரண்டுக்கும் ஏற்பாடு இருந்தது: என்ஏ, எரர். ஜூன் மாத விற்பனை இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அந்தச் செல்லில் @என்ஏ என்று போடலாம். உடனே அரையாண்டு மொத்தத்தில் என்ஏ வரும், மொத்தத்தைச் சார்ந்த லாபத்திலும் என்ஏ வரும். பூஜ்யத்தால் வகுத்தால் எரர் வந்து அதே வழியில் இறங்கும். அதே ஆப்பிள் 2-ல் பேசிக் நிரல் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தால் அங்கேயே நின்றுவிடும். விசிகால்க்கில் பாதிக்கப்பட்ட செல்கள் மட்டும் பிழை காட்டும், மற்ற கணக்கு நடந்துகொண்டே இருக்கும். ஒரு தொகையை நம்பலாமா கூடாதா என்பதை அந்தத் தொகை நிற்கும் இடத்திலேயே சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

1983 ஜனவரியில் மிட்ச் கேப்பரின் லோட்டஸ் நிறுவனம் 1-2-3 மென்பொருளைக் கொண்டுவந்தது. ஐ.பி.எம். பிசி வைத்திருந்த அலுவலகங்களில் அதுவே கணக்குப் புத்தகம் ஆனது. அதில் எதுவுமே இல்லாத செல்லைச் சராசரி விட்டுவிடும், எழுத்து உள்ள செல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஓர் எண்ணை அழிக்க ஸ்பேஸ் பாரைத் தட்டி என்டர் கொடுத்தால், செல் காலியாகத் தெரியும். உள்ளே ஓர் இடைவெளி உட்கார்ந்திருக்கும். அது எழுத்துக் கணக்கு. பத்துப் பேரின் சராசரி பதினோரு பேரின் சராசரியாகக் குறைந்துவிடும், திரையில் எந்த அடையாளமும் இருக்காது.

எக்செல் 1985-ல் மெக்கின்டாஷுக்கும் 1987-ல் விண்டோஸுக்கும் வந்தது. ஒரே எரருக்குப் பதிலாக, பிழையின் காரணத்தையும் அது சொன்னது. பூஜ்யத்தால் வகுத்தால் #டிவ்/0!, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் #வேல்யூ!, ஃபார்முலா பார்த்துக்கொண்டிருந்த செல்லையே யாரோ நீக்கியிருந்தால் #ரெஃப்!. இவற்றுடன் பெயர் தெரியாததற்கும், எண் எல்லை மீறியதற்கும், தேடியது கிடைக்காததற்கும் (#என்/ஏ), இரண்டு வரம்புகள் எங்கும் சந்திக்காததற்குமாக நீண்ட காலம் மொத்தம் ஏழு குறிகள் இருந்தன. லோட்டஸிலிருந்து வந்தவர்களுக்காக, எழுத்தைப் பூஜ்யமாகவே கணக்கிடும் ஓர் அமைப்பையும் எக்செல் வைத்திருந்தது.

காலி செல் விஷயத்தில் எக்செல் எடுத்த முடிவு அவ்வளவு தெளிவானதல்ல. =ஏ1 என்று போட்டு, ஏ1 காலியாக இருந்தால் விடை 0. பணியாளர் பட்டியலிலிருந்து சேர்ந்த தேதியை விலுக்அப் என்ற தேடும் ஃபார்முலா மூலம் எடுக்கும்போது, ஒருவருக்குத் தேதி நிரப்பப்படாமல் இருந்தால் 00-01-1900 என்று ஒரு நாள் வந்து நிற்கிறதே, அதற்கு இதுதான் காரணம். காலி பூஜ்யமாகி, பூஜ்யம் தேதி வேடம் போடுகிறது.

இதைத் தவிர்க்கப் பலரும் இரட்டை மேற்கோள் குறிகளைச் சேர்த்துப் போட்டு, வெற்று எழுத்தை விடையாக வாங்கினார்கள். அந்தச் செல் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஐஎஸ்பிளாங்க் அதைக் காலி இல்லை என்கிறது. கவுன்ட்பிளாங்க் காலி என்று எண்ணுகிறது. கவுன்ட்ஏ நிரம்பியது என்று எண்ணுகிறது. சம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகிறது, கூட்டல் குறி போட்டால் #வேல்யூ! வருகிறது. கோட்டு வரைபடத்தில் அது பூஜ்யமாக விழுந்து கோட்டைத் தரைக்கு இழுக்கிறது. அந்த இடத்தில் என்ஏ() போட்டிருந்தால் அங்கே புள்ளியே விழாது. அனுபவசாலிகள் வேண்டுமென்றே #என்/ஏ வரவழைப்பது இதற்காகத்தான்.

பிழைக்குறியை மறைக்கும் ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டு. எக்செல் 2003 வரை, தேடியது கிடைக்காவிட்டால் காலியாகக் காட்ட, விலுக்அப்பை ஒரே ஃபார்முலாவுக்குள் இரண்டு முறை எழுத வேண்டும்: பிழையா என்று பார்க்க ஒரு முறை, விடை எடுக்க ஒரு முறை. எக்செல் 2007-ல், பிழை வந்தால் அதற்குப் பதிலாக நாம் சொன்னதைக் காட்டும் இஃப்எரர் வந்து இந்தச் சுமையை இறக்கியது. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. தேடியது கிடைக்காததை மட்டுமல்ல, நீக்கப்பட்ட செல்லையும் தவறாகத் தட்டிய பெயரையும் சேர்த்தே அது மூடிவிடுகிறது. அழகான, காலியான, தவறான ஓர் அறிக்கை கையெழுத்துக்குப் போகிறது. 2013-ல் வந்த இஃப்என்ஏ #என்/ஏவை மட்டும் பிடித்து, மற்றப் பிழைகளைக் கண்ணில் பட விடுகிறது. தேடும் ஃபார்முலாக்களுக்கு அதுவே சரியானது.

எந்தக் குறியும் காட்டாத தவறுதான் கொடியது. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-ல் வெளியிட்ட கட்டுரை, அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதத்துக்கு இறங்குவதாகக் காட்டியது. 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், தம் பேராசிரியர்கள் இருவருடன் சேர்ந்து அந்தக் கட்டுரைக்கான எக்செல் ஷீட்டைச் சோதித்தார். 49-ம் வரிசை வரை போக வேண்டிய சராசரி 44-ம் வரிசையிலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஹெர்ன்டன் குழுவின் கணக்கில் சரியான விடை 2.2 சதவீதம். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, சில ஆண்டுகளின் தரவை விட்டதாலும் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையாலும் வந்தது. விடுபட்ட வரிசைகளின் பங்கு 0.3 புள்ளி அளவுதான். ஆனாலும் ஐந்து நாடுகள் இல்லாமல் சராசரி எடுக்க எக்செல்லுக்கு எந்தத் தடையும் இல்லை. கொடுத்த செல்களின் சராசரியை அது சரியாகத்தான் போட்டது.

சந்தேகத்துக்குரிய ஃபார்முலா உள்ள செல்லின் மூலையில் எக்செல் சின்னப் பச்சை முக்கோணம் வைக்கிறது. அது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்ற விதிப் பட்டியல் ஆப்ஷன்ஸில் ஃபார்முலாஸ் பக்கத்தில் இருக்கிறது. காலி செல்லைப் பார்க்கும் ஃபார்முலாவைச் சுட்டிக்காட்டும் விதியும் அதில் உண்டு. எக்செல்லை நிறுவும்போது அந்த ஒரு விதிக்கு டிக் போடப்பட்டிருக்காது. வேண்டுமென்பவர் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.