மண் மறைத்ததும் மனிதர் மறந்ததும்

மண்ணில் புதைத்தவை ஒழிந்தன என்றெண்ணுவது நமது பழைய மயக்கம். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்து லவ் கால்வாய் அம்மயக்கத்தைக் கலைத்தது. 1942 முதல் ஏறத்தாழ 20,000 டன் வேதிக் கழிவுகள் அங்குப் புதைக்கப்பட்டன. 1953-இல் அந்நிலம் ஒரே டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கைமாறிற்று. பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது.

தோண்டாமலே நஞ்சைத் தேடுவது எங்ஙனம்? 1912-இல் கான்ராட் ஷ்லும்பெர்ஜே கனிமங்களைக் கண்டறியும் நோக்குடன் நார்மண்டி மண்ணில் மின்சாரம் செலுத்திச் சோதித்தார். செல்வம் தேடப் பிறந்த அக்கலையே பின்னர் நஞ்சு தேடவும் துணைநின்றது. உப்புகள் கரைந்த கழிவுநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால், மின்தடை குறையுமிடம் கசிவின் தடத்தைச் சுட்டும். புதைந்த இரும்புப் பீப்பாய்களைக் காந்தமானி காட்டிக்கொடுக்கும். எனினும் களிமண்ணும் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே ஐயந்தீரத் துளையிட்டு நீரைச் சோதித்தல் வேண்டும். 1980-இல் ஆய்வாளர்கள் இத்தகைய முறைகளை லவ் கால்வாயிலும் கையாண்டனர்.

ஆயினும் நம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. 1953-ஆம் ஆண்டின் நிலப்பத்திரத்திலேயே கழிவுகளைப் பற்றிய எச்சரிக்கை இருந்தது! விற்றவர் அறிந்திருந்தனர், வாங்கியவரும் அறிந்திருந்தனர், அறியாதவர் அங்கே குடியேறிய எளியவரே. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து முறையிட்டதைத் தொடக்கநூலில் வாசிக்கிறோம். அக்குரலைக் கேட்க அன்று குறைவுபட்டது கருவியன்று, மனச்சான்றே. நாம் புதைத்து மறந்தவை எவையென இத்தவக்காலத்தில் நம்மையே ஆய்ந்து பார்ப்போமாக.