கேமராவைக் கொடுத்தவர்கள்

புகைப்படக் கலையின் வரலாறு என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இரண்டு விஷயங்கள்தான் வருகின்றன. ஒன்று கருவி எப்படி வளர்ந்தது என்பது. இன்னொன்று அந்தக் கருவியை வைத்துப் பெயர் வாங்கிய மேதைகள். கேமராவை வாங்க வழியே இல்லாத ஒரு பையன் கையில் அதைக் கொடுத்து, "நீ எடு, நான் பார்க்கிறேன்" என்று சொன்னவர்களுக்கு அந்தப் புத்தகங்களில் இடம் குறைவு. அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் தூரத்து விஷயம் இல்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு முதன்முதலில் தொடங்கியது சேலத்தில்தான். பெண் சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டிக்கு அடுத்தபடியாகச் சேலம் பெயர் அடிபட்ட காலம் அது. (நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, 1997ல்தான் பிரிந்தது. ஆகவே அந்தப் பழியில் எங்களுக்கும் பங்கு உண்டு.) 2001 கணக்கெடுப்பிலும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான். நடந்தது கொடுமை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் கேமராவோடு வந்தவர்கள் எடுத்துப் போனவற்றை யோசித்துப் பாருங்கள். காலித் தொட்டில், முந்தானையால் முகத்தை மறைத்த தாய், வாசலில் உட்கார்ந்த கிழவி... அப்புறம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி விற்பனைச் செய்தி வந்தது. அதற்கும் ஒரு மாதிரிப் படம் உண்டு. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டும் ஆள், தலை வெட்டுப்பட்டிருக்கும். படத்தில் இருப்பவர் நம் ஊர்க்காரர், எடுத்தவர் வெளியூர்க்காரர். அது அச்சான பத்திரிகை படத்தில் இருப்பவர் கைக்கு வந்து சேர்வதே இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஸானா ப்ரிஸ்கி. 1966ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இறையியல் படித்துவிட்டு, நியூயார்க்கில் புகைப்படம் படிக்கப் போனவர். 1995ல் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். எதைப் படம் எடுக்க வந்தார் தெரியுமா? பெண் சிசுக்கொலையை! நான் மேலே சொன்ன அதே "வெளியூர் கேமரா" வகையாகத்தான் அவரும் இங்கே காலடி வைத்தார்.

1997ல் திரும்பி வந்தபோது அவர் போனது கல்கத்தாவின் சோனாகாச்சிக்கு. பாலியல் தொழில் நடக்கும் பகுதி அது. அங்கே வெளியாள் கேமராவைத் தூக்கினால் கதவைச் சாத்திவிடுவார்கள், கேமராவைப் பிடுங்கினாலும் ஆச்சரியமில்லை. ப்ரிஸ்கி ஒரு விடுதியிலேயே அறை எடுத்துத் தங்கிப் பழகினார். பெண்களைப் படம் எடுக்கத்தான் போனார். ஆனால் அவரைச் சூழ்ந்துகொண்டவர்கள் அந்தப் பெண்களின் குழந்தைகள். கேமராவைத் தொட வேண்டும், ஒரு தடவை அழுத்த வேண்டும் என்று தொல்லை கொடுத்தார்கள். 2000வது வருடம் அவர் அந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரணமான சின்ன ஃபிலிம் கேமராக்களைக் கொடுத்து வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

அந்த வகுப்பின் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரிவது கஷ்டம். ஃபிலிம் ரோலில் அதிகபட்சம் 36 படம். எடுத்தது எப்படி வந்தது என்று உடனே பார்க்க முடியாது. ரோலைக் கழுவி, அத்தனை படங்களையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் போட்டுப் பார்ப்பார்கள். காண்டாக்ட் ஷீட் என்று பெயர். ப்ரிஸ்கியின் வகுப்பில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அந்தத் தாளில் தங்களுக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் பேச்சு. இந்தப் படத்தில் ஒரு கை எதற்கு வெட்டுப்பட்டது, இது ஏன் சாய்ந்திருக்கிறது, சாய்ந்திருப்பதே நன்றாக இருக்கிறதோ... பத்து வயதுப் பிள்ளையிடம், "உன் படத்தில் எது நல்லது என்று நீயே சொல்" என்று கேட்பது சாதாரண விஷயமா? நம் பள்ளிக்கூடங்களில் பிளஸ் டூ வரைக்கும் படித்தவர்களிடம் கூட யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. (அதுவும் பிராய்லர் பள்ளிகளுக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம்!)

2002ல் அவர் "கிட்ஸ் வித் கேமராஸ்" என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் எடுத்த படங்களை விற்று, அந்தப் பணத்தை அவர்கள் படிப்புக்குச் செலவிடுவது திட்டம். நியூயார்க்கில் சாத்பீஸ் ஏலத்தில் படங்கள் போயின. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் 2003ஆம் ஆண்டு காலண்டரிலும் வந்தன. அவிஜித் என்ற பையனுக்கு வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ அமைப்பின் சிறுவர் நடுவர் குழுவில் உட்கார 2002ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அழைப்பு வந்தது. அவனுக்குப் பாஸ்போர்ட் வாங்க ப்ரிஸ்கி ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கதை, அவரும் ராஸ் காஃப்மனும் சேர்ந்து எடுத்த "பார்ன் இன்ட்டு ப்ராத்தல்ஸ்" என்ற ஆவணப்படத்தில் வருகிறது. 2004ல் வெளியான அந்தப் படத்துக்கு 2005 பிப்ரவரியில் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது. அவிஜித் பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமாவே படித்தார். நிறுவனமும் ஹைத்தி, ஜெருசலேம், கெய்ரோ என்று பரவி, வேறு புகைப்படக்காரர்களை வைத்து வகுப்புகள் நடத்தியது.

இத்தோடு நிறுத்தினால் வெற்றிக்கதை. ஆனால் நிறுத்த முடியாது.

ஆஸ்கார் கிடைத்த சூட்டோடு எதிர்ப்பும் கிளம்பியது. கல்கத்தாவில் பாலியல் தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி 1995லேயே உருவாகிவிட்ட அமைப்பு. அதற்கு அடிப்படை 1992ல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய சோனாகாச்சி சுகாதாரத் திட்டம். அந்தப் பெண்கள் தங்களுக்கென்று உஷா என்ற கூட்டுறவு சங்கம் வைத்துச் சேமிப்பும் கடனும் நடத்தினார்கள். தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களே போராடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் இது எதுவும் இல்லை. தாய்மார்கள் கத்துகிறார்கள், திட்டுகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவர் ஒருவர் மட்டுமே என்கிற மாதிரி ஆகிவிட்டது. படத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை பார்த்த ஒருவரே பிள்ளைகளின் நிலை மேம்பட்டுவிட்டதாகச் சொல்வதை மறுத்துப் பகிரங்கமாக எழுதினார். விடுதிப் பள்ளியில் சேர்த்த பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்துவிட்டதைப் படத்தின் கடைசி எழுத்துகளே சொல்கின்றன.

ப்ரிஸ்கி மோசம் என்று நான் சொல்லவில்லை. காசு இல்லாமல், மொழி சரியாகத் தெரியாமல், அந்தச் சந்துகளில் வருடக்கணக்கில் இருந்து ஒரு வகுப்பை நடத்துவது எத்தனை பேரால் முடியும்? பிள்ளைகள் எடுத்த படங்களைப் பாருங்கள், அவர் எடுத்ததை விட நன்றாக இருப்பவை கூட உண்டு. என் சிக்கல் வேறு. வகுப்பை நடத்தியவர், நிறுவனத் தலைவர், படத்தின் இயக்குநர், படத்தின் முக்கியப் பாத்திரம் நாலும் ஒருவரே. அவர் கிளம்பிப் போனால் அங்கே வகுப்பு எடுக்க ஆள் யார்? கேமராவைக் கொடுத்தார், வாத்தியார் நாற்காலியைக் கொடுக்கவில்லை.

ப்ரிஸ்கிதான் இதைக் கண்டுபிடித்தார் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் வெண்டி ஈவால்ட் 1969லேயே கனடாவின் பழங்குடிப் பிள்ளைகளிடம் கேமரா கொடுத்தவர். கென்டக்கி மலைக் கிராமங்களில் பல வருடம் கற்றுக்கொடுத்தார், 1989ல் குஜராத்தில் விச்சியா என்ற கிராமத்துக்கும் வந்தார். அதே 1989ல் ஜிம் ஹப்பர்டு வாஷிங்டனில் வீடற்ற பிள்ளைகளுக்காக "ஷூட்டிங் பேக்" என்ற அமைப்பைத் தொடங்கினார். இவர்களும் வெளியிலிருந்து போனவர்கள்தான். நல்ல வேலை, ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

அதற்கு ஒரு பதில் கல்கத்தாவிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை, டாக்காவில் இருந்தது. ஷாஹிதுல் ஆலம், 1955ல் டாக்காவில் பிறந்தவர். லண்டனில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, அதை மூலையில் வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினார். வங்கதேசம் என்றால் வெள்ளம், பட்டினி என்று மட்டுமே மேற்கத்திய பத்திரிகைகள் படம் போடுகின்றன, நம் படத்தை நாமே எடுப்போம் என்று 1989ல் "த்ரிக்" என்ற பட நிறுவனத்தை ஆரம்பித்தார். 1994ல் டாக்காவின் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து "அவுட் ஆஃப் ஃபோகஸ்" என்று ஒரு குழு. அந்தக் குழுவிலிருந்து தொழில்முறைப் படக்காரர்கள் வந்தார்கள். 1998ல் "பாட்சாலா" (நம் பாடசாலைதான்) என்ற புகைப்படப் பள்ளி.

அவர் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து, பூட்டிய வாசலில் நெரிசலில் குழந்தைகள் செத்துப்போனார்கள். அவருடைய மாணவி ஒருத்தி, பத்து வயது இருக்கும். அன்றைக்குத் தன் கையில் ஒரு கேமரா இருந்திருந்தால் முதலாளியை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன் என்றாளாம். அழகான படம் எடுப்பது பற்றி அவள் பேசவில்லை. சாட்சி சொல்வது பற்றிப் பேசினாள். படம் எடுத்தால் ஆபத்து வரும் என்பதற்கு வாத்தியாரே உதாரணம் ஆனார். 2018 ஆகஸ்டில் டாக்கா மாணவர் போராட்டத்தின்போது பேட்டி கொடுத்ததற்காக ஆலமைக் கைது செய்து 100 நாட்களுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். உள்ளே இருந்தபோது பாட்சாலா மூடவில்லை. இதைத்தான் நான் தலைமை என்பேன்.

மூன்றாமவர் நம்மவர். மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த பழனி குமார். அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். பழனி கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். மலக்குழி மரணங்களைப் பற்றி 2017ல் திவ்யபாரதி எடுத்த "கக்கூஸ்" ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். பி. சாய்நாத் 2014ல் தொடங்கிய கிராமப்புற இந்திய மக்களின் ஆவணக் காப்பகம், அதாவது "பாரி"யில் இப்போது புகைப்படக்காரர். 2022ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான். அதிகாலையில் மீன் வாங்கக் கிளம்பும் அம்மாவைப் பற்றி அவர் எழுதிய படக்கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

அவர் நாகப்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும் வடசென்னைப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கிறார். பெரிய கட்டடமோ ஆஸ்காரோ கிடையாது. ஆனால் ப்ரிஸ்கிக்கு வருடக்கணக்கில் பிடித்த ஒரு வேலை அவருக்கு இல்லை. வீட்டுக்குள் நுழைய அனுமதி வாங்கும் வேலை! மீன்காரம்மாவுக்கு மீன்காரம்மா மகன் கற்றுக்கொடுக்கிறார். மாணவர்கள் எடுத்த படங்களுக்குக் கீழே அவரவர் பெயர்தான் வருகிறது. ஏலம் போடும் இடத்தை அங்கே மீன் எடுக்கும் பெண்ணே படம் எடுத்தால், கூடைக்கு இந்தப் பக்கம் நின்று எடுக்கிறாள். வெளியாள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பான்.

சென்னையில் 2016 முதல் நடக்கும் புகைப்பட பினாலே அமைப்பும் "ப்ரிஸம்" என்ற பெயரில் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுக்கிறது. இதெல்லாம் சென்னையைத் தாண்டி வர நாளாகும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் எதை எடுப்பார்கள் என்று யோசித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. செவ்வாய்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் விளக்கின் நீலச் சுடர். சேகோ மில் களத்தில் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. பாடி கட்டாமல் வெறும் எலும்புக்கூடாக நிற்கும் லாரியின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும் தம்பி. கிட்னித் தழும்பு இருக்கும் அப்பா சாயங்காலம் டீக்கடையில் சிரித்துக்கொண்டிருப்பது. கடைசியில் சொன்னதை அந்த வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு யாராலும் எடுக்க முடியாது.

கேமரா இப்போது பிரச்சனையே இல்லை. தறி ஓட்டும் வீடுகளிலும் ஆண்ட்ராய்டு போன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சத்துணவுக் கூடத்தைத் திறந்துவிட்டு, "இந்த வாரம் 36 படம்தான், அதில் நாலை எடுத்து வை, ஏன் அந்த நாலு என்று சொல்" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் பள்ளிபாளையத்திலேயே தறி ஓட்டியவராக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த தடவை கிட்னிச் செய்திக்குப் படம் வேண்டும் என்று வருகிற பத்திரிகைக்காரர்கள் அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், காசு கொடுத்து.